தைத்து வைத்த மூக்கு

“வர்ற வெள்ளிக்கிழமை போறோம், தெறந்துட்டு வாரோம். அம்புட்டுத்தான் பேச்சு—”

“நா வரல. நீங்க வேணும்னா போயி—”

“நா போயி எதத் தெறக்க? எம்மூக்கவா தச்சு வச்சிருக்கு?”

“எம்மூக்குதான? அது தச்சபடியே இருந்துட்டுப் போகட்டும்ங்கறேன். ஒங்களுக்கு என்ன—”

“எனக்கு என்னவா? ராத்திரி பூரா நீ கரையில போட்ட கெண்டை மாதிரி வாயப் பொளந்து பொளந்து மூடுறத யாரு பாக்குறா? ஒங்கப்பனா வந்து பாக்குறாரு?”

“எங்கப்பன ஏன் இழுக்குறீங்க? அவரு செத்து—”

இந்த இடத்தில் ஜெபமாலைக்கு மூச்சு வாங்கியது. சண்டையில் அவளுக்கு இருந்த பெரிய நட்டமே இதுதான். இரண்டு மூக்குத் துளைகளையும் உள்ளே தோலைப் புரட்டித் தைத்து மூடியிருந்தார்கள். பேச்சு, மூச்சு, சோறு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். கணவர் மரியசெல்வம் நிறுத்தாமல் நாலு கேள்வி கேட்டுவிடுவார். இவள் ஒரு பதிலைப் பாதி சொல்லி, நின்று, வாயால் காற்றை இழுத்து, மீதியைச் சொல்ல வருவதற்குள் சண்டை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். குரலும் அவளுடையதாக இல்லை. தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும்.

“பாத்தியா, பாத்தியா. ஒரு வார்த்த பேச முடியல. இதுல வேணாங்குறா.”

அவள் முறத்தில் கிடந்த விதைக்கடலையை இன்னும் கொஞ்சம் வேகமாக உடைத்தாள். கைக்கு மூச்சு வாங்காது.

“போன ஐப்பசியில சளி புடிச்சப்ப ஒன் ஒதடு நாவப்பழம் மாதிரி ஆகிப்போச்சு,” என்றார் அவர், குரலை இறக்கி. “ஆட்டோவுல கீரனூர் போறதுக்குள்ள நா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆறிப்போச்சுன்னா தெறந்துறலாம்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. இன்னம் என்னத்துக்குப் புடிச்சுத் தொங்குற?”

“ஏழாம் மாசம் நடக்குது பிளெஸ்ஸிக்கு.”

“தெரியும்.”

“வளைகாப்புப் போட்டுப் புள்ளய இங்கிட்டுக் கூட்டியாரணும். தலப்பிரசவம். இப்பப் போயி மூக்கத் தெறந்து, அது திரும்ப வந்துருச்சுன்னு வைங்க. வளைகாப்பன்னைக்கு அவ மாமியா எம்பக்கத்துலதான் நிக்கும். ஒரு தடவ மோந்துருச்சுன்னா புள்ளய அனுப்புமா?”

“அந்த வீட்டுல மோப்பத்துக்கு எங்க போவாங்க? மாப்ள ஓட்டுறது மீன் வண்டி. மாமியா காய வைக்கிறது கருவாடு. மணமேல்குடியில எறங்குனா கண்ண மூடிக்கிட்டே அவங்க வீட்டுக்குப் போயிறலாம். அவங்களா ஒன்னயக் கண்டுபுடிக்கப் போறாங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் மூச்சு முட்டும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

“மீன் நாத்தம் வேற. மனுச நாத்தம் வேற,” என்றாள்.



ஜெபமாலைக்கு வந்திருந்தது பீனிசம். பிளெஸ்ஸி கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்தது. மூக்கின் உள்சதை காய்ந்து சுருங்கி, பச்சை பச்சையாகப் பொருக்குத் தட்டும். அந்தப் பொருக்கு நாறும். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியும், எதிரில் உட்கார்ந்து பேசுபவர்களுக்குத் தெரியும், கோயிலில் பின்பெஞ்சில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியும். மூக்குக்கு உரியவளுக்கு மட்டும் தெரியாது. இந்த வியாதியில் மோப்பம்தான் முதலில் சாகும். “அதுலயாவது ஆண்டவர் ஒரு எரக்கம் வச்சிருக்காரும்மா,” என்று முன்பிருந்த பங்குச்சாமியார் ஒருமுறை சொன்னார், கொஞ்சம் தள்ளி நின்றபடி. அது இரக்கமா என்று ஜெபமாலைக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தன் வீட்டில் என்ன எரிகிறது என்று ஊர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தால் அதற்குப் பெயர் இரக்கமா?

தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சோடாமாவும் கலக்கி, ரப்பர் குப்பியால் மூக்கில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மரியசெல்வம் எதிரில் குத்தவைத்து வாளியைப் பிடித்துக்கொள்வார். பொருக்கு விழும். சில நாள் ரத்தத்தோடு விழும். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று, “இருக்கா?” என்பாள். அவர் குனிந்து, முகத்துக்கு நேரே மூச்சை இழுத்துப் பார்த்து, “இல்ல” என்பார். இல்லாவிட்டால், “லேசா” என்பார். “லேசா” என்றால் அன்றைக்கு அவள் கடைக்குப் போகமாட்டாள், கோயிலில் வாசல்படிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டுவிட்டு வந்துவிடுவாள். அவளுக்கென்று இருந்த மூக்கு அவருடையதுதான்.

கடைசியாகத்தான் புதுக்கோட்டையில் இந்த டாக்டரம்மா சொன்னது. காற்றுப் போகாமல் மூடி வைத்தால் உள்சதை பழையபடி ஈரமாகித் தழையும், முதலில் வலது பக்கம், அது பழகினதும் இடது பக்கம். மூடினார்கள். மூடின பிறகு நடந்ததை ஜெபமாலை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் போய்விடும் என்று ஒரு பயம். கோயிலில் நடுப்பெஞ்சில் உட்கார்ந்தாள், யாரும் எழுந்து போகவில்லை. பிளெஸ்ஸியைப் பெண் கேட்டு வந்தவர்கள் அதே அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள், இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார்கள். கல்யாணப் போட்டோக்களில் எல்லாம் அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். “சம்பந்தியம்மா எதப் பாத்து அசந்து நிக்கிறாங்க?” என்று மாப்பிள்ளை ஜெரால்டின் சித்தி கேட்டாளாம். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஒரு கவளத்தை மென்று, நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு விழுங்குவதை அவள் பழகிக்கொண்டாள். விடியும்போது நாக்கு மரப்பட்டை மாதிரி இருப்பதையும் பழகிக்கொண்டாள். மனிதர்கள் பக்கத்தில் வந்து உட்காருவது அதற்கெல்லாம் ஈடு.

வெள்ளிக்கிழமை அவள் கிளம்பினாள். திறக்கச் சம்மதித்து அல்ல. “டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிட்டு வாரேன். நீங்க நடுவுல பேசக்கூடாது,” என்றாள்.

“நா ஏன் பேசப்போறேன்.”

“நீங்க பேசுவீங்க.”

பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூக்கு வடிகட்டாத புழுதி நேராகத் தொண்டைக்குப் போகும். கீரனூரில் ஒருத்தி கைப்பிள்ளையோடு ஏறி அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சில்லறை எடுக்க வேண்டும் என்று, கேட்காமலேயே பிள்ளையை ஜெபமாலை மடியில் வைத்தாள். “கொஞ்சம் பிடிங்கக்கா.” பிள்ளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஜெபமாலையின் தோளில் எச்சிலை வடித்துக்கொண்டு தூங்கிப்போனது. டிக்கெட் வாங்கி முடித்தும் அந்தப் பெண் பிள்ளையைத் திருப்பி வாங்கவில்லை. முன் சீட்டிலிருந்து மரியசெல்வம் திரும்பிப் பார்த்தார்.

“இதத் தெறக்கச் சொல்றீங்க,” என்றாள் அவள், பிள்ளை எழுந்துவிடாமல்.

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் மூக்கு காது தொண்டை டாக்டரைப் பார்க்கிற வரிசை மாடிப்படி வரைக்கும் வந்திருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரியும், அதுவும் தூக்கம் கெட்ட கண். ஜெபமாலையை அடையாளம் வைத்திருந்தார்.

“வாங்க ஜெபமாலையம்மா. உக்காருங்க. சார், நீங்க அங்கிட்டு நில்லுங்க. லைட்ட மறைக்கிறீங்க. ஆ காட்டுங்க.”

ஒரு குட்டிக் கண்ணாடியைச் சூடு காட்டி, அவள் தொண்டைக்குள் விட்டு, பின்வழியாக மூக்கின் உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் குமட்டினாள்.

“அவ்ளோதான், அவ்ளோதான். நல்லா இருக்கும்மா. நல்லா ஈரமா இருக்கு. பொருக்கு ஒண்ணுகூட இல்ல. தெறந்துறலாம்.”

“அதத்தான் சொல்ல வந்தேம்மா. வேணாம்.”

“ஏன்?”

ஜெபமாலை மரியசெல்வத்தைப் பார்த்தாள். பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெறந்தா திரும்ப வராதுன்னு சொல்லுங்க. இப்பவே படுத்துக்கறேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைத் தட்டில் போட்டார். “அப்புடிச் சொல்ல மாட்டேன். சில பேருக்குத் திரும்ப வருது. ஆனா இப்புடியே விட்டாலும் கஷ்டம். அடுத்த மழைக்கு நெஞ்சுல சளி கட்டுச்சுன்னா என்ன பண்ணுவீங்க? மொதல்ல ஒரு பக்கம் மட்டும் தெறப்போம். வந்துச்சுன்னா ஆரம்பத்துலயே தெரியணும். ஒடனே கழுவி, சொட்டு விட்டு, சரி வரலன்னா மறுபடி மூடிறலாம். முத்த விட்டுறக் கூடாது. ஒங்களுக்கு மோப்பம் கெடையாதுல்ல? வீட்டுல யாராவது தெனமும் பாத்துச் சொல்லணும்.”

“இவங்க சொல்லுவாங்க. இவங்கதானே இத்தன வருசமாச் சொல்றது.”

“ஆங், சரி. சார், நீங்கதான் பொறுப்பு. தெனமும் காலையில. லேசா வித்தியாசம் தெரிஞ்சாலும் கூட்டிட்டு வந்துறணும். சொல்லிருவீங்கள்ல?”

“சொல்றதுக்கு என்னங்க...” என்றார் மரியசெல்வம்.

அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் எடுத்திருந்த டாக்டரம்மா, அவர் முடிக்காததைக் கவனித்து நிமிர்ந்தார். “என்ன சார்?”

அவர் சட்டைக் காலரின் உள்பக்கத்தை விரலால் துடைத்துக்கொண்டார். “இல்ல, முத்த விட்டுறக் கூடாதுங்கிறீங்க.”

“ஆமா.”

“அப்ப எனக்குப் பதிலா வேற ஆளு பாக்கணுங்க. எனக்கே மோப்பம் இல்லீங்க.”

ஜெபமாலை முதலில் இது ஏதோ கிண்டல் என்றுதான் நினைத்தாள்.

“எப்ப இருந்து?” என்றார் டாக்டரம்மா.

“கொரோனாக் காய்ச்சல் வந்துச்சுல்லங்க. அதுல போனது. வரல.”

“ஏன் சார், சொல்லியிருக்கலாம்ல. அதையும் பாத்திருப்போமே.”

“எனக்கு அதுல கஷ்டம் ஒண்ணும் தெரியலீங்க,” என்றார் மரியசெல்வம்.

அறையில் இருந்த நர்ஸ் குனிந்து பஞ்சு டப்பாவை மூடினாள். டாக்டரம்மா ஜெபமாலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வீட்டுல வேற யாரு?”

“மக இருக்கு. பிரசவத்துக்கு வரப்போவுது,” என்றார் அவர்.

“அப்ப மககிட்டக் கேட்டுட்டு வாங்க. ஒரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். சரின்னா தேதி போட்டுக்கலாம். வேணாம்னா நா கட்டாயப்படுத்த மாட்டேம்மா. ஒங்க மூக்கு.”

வெளியே வேப்ப மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்டு மேடையில் ஜெபமாலை உட்கார்ந்தாள். மரியசெல்வம் போய் இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கி வந்தார். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக் கொடுத்தார். காய்ந்தது அவளுக்கு இறங்காது.

“வேணாம்.”

“காலையிலருந்து ஒண்ணும் திங்கல.”

“கொரோனா வந்து எத்தன காலமாச்சு? அப்ப வலது பக்கம்கூட மூடல.”

“மூடல.”

“அதுக்கப்பறமும் தெனமும் கேட்டேனே. தெனமும் வந்து நின்னேனே ஒங்க முன்னாடி. மூச்ச இழுத்து இழுத்துப் பாத்தீங்களே.”

“பாத்தேன்.”

“பொய் சொன்னீங்க.”

“எனக்கு நாத்தம் வரலங்கிறது நெசந்தான,” என்றார் அவர். சொன்ன பிறகு அது எப்படிக் கேட்டது என்று அவருக்கே தெரிந்தது. டீயை உறிஞ்சிக்கொண்டார்.

அவள் தொண்டை காய்ந்துவிட்டதால் ஒரு வாய் டீ குடித்தாள். அப்போதுதான் அவளுக்கு ஆவூரில் உட்கார்ந்த அந்தப் பந்தி ஞாபகம் வந்தது.

“ஒங்க தங்கச்சி மகன் கோயில்ல புதுநன்மை வாங்குனதுக்கு விருந்து வச்சாங்களே,” என்றாள்.

“ஆமா.”

“அந்த வருசந்தானே அது. காய்ச்சல் வந்து போன வருசம். கெளம்பும்போது கேட்டேன். இல்ல, சுத்தமா இல்ல, தைரியமா வான்னு சொன்னீங்க.”



அதுவரைக்கும் விசேஷங்களில் ஜெபமாலை கடைசிப் பந்தியில், ஓரத்தில் உட்காருவாள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொள்வாள். அன்று இவர் சொன்ன சொல்லை நம்பி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, முதல் பந்தியில் நடுவே போய் உட்கார்ந்தாள். இலையில் உப்பு வைத்தார்கள். வலது பக்கம் இருந்தவள் பிள்ளை அழுகிறது என்று எழுந்தாள். இடது பக்கம் இருந்தவள் போன் வருகிறது என்றாள். அப்புறம் யாரும் காரணம் சொல்லவில்லை. அந்த வரிசை பூராவும் ஒவ்வொருத்தராக எழுந்து எதிர்வரிசையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாயாசம் வரைக்கும் அவள் ஒருத்தியாகவே சாப்பிட்டாள். பாதியில் எழுந்தால் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் குறைச்சல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

“பஸ்ஸுல வந்த வேக்காட்டுல வந்துருச்சு போலன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“நா அத நம்புனேன். அதுலருந்து எங்க போனாலும் ஜன்னல் சீட்டுத் தேடுனேன்.”

“ஜெபமாலை.”

“என்ன.”

“காய்ச்சல் விட்டு எந்திரிச்ச மொத நாளு, நீ கழுவிட்டு வந்து நின்ன. இருக்கான்னு கேட்ட. இழுத்துப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. மாதா மேல சத்தியமா, ஒனக்குத்தான் சரியாப் போச்சுன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு ஊத்துன. அதுலயும் ஒண்ணும் இல்ல.”

“அப்பச் சொல்ல வேண்டியதுதான?”

“காலையிலருந்து நீ பாட்டுப் பாடிக்கிட்டுத் திரிஞ்ச. ஒங்கக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்ட. எப்புடிச் சொல்லச் சொல்ற? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நாளைக்கும் வந்து நின்ன.”

அவர் சொன்ன விதம் அவளுக்கு விளங்கியது. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் கோபப்பட மூச்சு வேண்டும். அவளிடம் இருந்தது கொஞ்சம்தான்.

“அதுக்கு முன்னாடி? லேசான்னு சொல்லுவீங்களே. நெசமாலுமே லேசாத்தான் இருந்துச்சா?”

“அத ஏன் இப்பக் கேக்குற.”

“சொல்லுங்க. இப்பத்தான் ஒங்களுக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்லயே. சொல்லுங்க.”

அவர் பன்னின் மிச்சத்தை மரத்தடியில் நின்ற நாய்க்குப் போட்டார். “எலி செத்த மாதிரி,” என்றார். “மச்சுல எலி செத்து, எங்கன்னு தெரியாமத் தேடுவோம்ல. அந்த மாதிரி.”

“தெனமுமா?”

“கழுவுனா கொஞ்சம் கொறையும்.”

“இத வச்சிக்கிட்டா பக்கத்துல படுத்தீங்க?”

“பின்ன எங்க போயிப் படுக்க? பஞ்சாயத்து ஆபீஸ்லயா?” என்றார் மரியசெல்வம். “மோப்பம் போன அன்னைக்குத்தான் தலகாணிய இங்கிட்டுத் திருப்பிப் போட்டுப் படுத்தேன். ஒம்மூஞ்சியப் பாக்க. இதையும் சொல்லிட்டேன். போ.”

ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. யாரையோ இறக்கினார்கள். ஒரு கிழவர் பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு, வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனார். ஜெபமாலை கணவரின் கையைப் பார்த்தாள். இத்தனை காலம் வாளியைப் பிடித்த கை. அவரை வைவதா, விடுவதா என்று யோசிக்கவே அலுப்பாக இருந்தது.

“தெறந்துக்கத்தா,” என்றார் அவர், மெதுவாக. “அன்னைக்கு ஆட்டோவுல ஒனக்கு மூச்சு நின்னுருச்சுன்னே நெனச்சேன். நாறுனா நாறிட்டுப் போவுது. எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல.”

“எனக்கும் தெரியப் போறதில்ல. தெரியப்போறது ஊருக்குத்தான்.”

“பிளெஸ்ஸி சொல்லும். அதான் வருதே.”

“அது சொல்லுமா?” என்றாள் ஜெபமாலை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும்.

பிளெஸ்ஸி முதல் வகுப்பில் இருந்தபோது ஒரு அக்டோபர் மாதம். மாதா படத்துக்கு முன்னால் மூன்று பேரும் முட்டிபோட்டு மணிமாலை உருட்டிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிள்ளை எழுந்து, அப்பாவுக்கு அந்தப் பக்கம் போய் முட்டிபோட்டது. “ஏண்டி?” என்றதற்கு, “அம்மா நாறுது,” என்று சொன்னது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொன்னது. மரியசெல்வம் கையில் இருந்த மணிமாலையோடு சேர்த்து முதுகில் ஒன்று வைத்தார். சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது மணி மணியாகத் தடம் இருந்தது. மறுநாளிலிருந்து பிள்ளை பழைய இடத்திலேயே முட்டிபோட்டது. ஜெபமாலை எப்போதாவது, “பாப்பா, அம்மாகிட்ட எதும் வருதா?” என்று கேட்டால், “இல்லம்மா” என்று சொல்லும். கிட்டே வருவதற்கு முன்னாலேயே சொல்லும். வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அந்த “இல்லம்மா” ஒரே வேகத்தில்தான் வந்தது. இரண்டு பேர் “இல்லை” சொல்லும் வீட்டில் இருந்துதான் அவள் ஊருக்குள் போய்வந்திருக்கிறாள்.

“போனப் போடுங்க,” என்றாள்.

அவர் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, அவள் மடியில் வைத்தார்.

“சொல்லும்மா! ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க? என்ன சொன்னாங்க?” பிளெஸ்ஸியின் குரலுக்குப் பின்னால் மிக்ஸி ஓடியது, நின்றது. “அம்மா, ஒரு விசயம், இங்க அத்த கண்ணாடி வளையல் பூரா பச்சையில எடுத்துட்டாங்க. எனக்குச் செவப்பும் வேணும்னு இவங்ககிட்டச் சொன்னேன், இவங்க அத்தகிட்டச் சொல்லப் பயப்படுறாங்க. நீ வரும்போது செவப்பு ஒரு டஜன் எடுத்துட்டு வந்துரு. ரெண்டே காலு சைஸ். கை வீங்கிப்போச்சு. ராத்திரி பூரா ஒதைக்குது, தூங்கவே விடல. ஒன்ன மாதிரிதான் பொறக்கும் போல, கோவக்காரி.”

“நானா கோவக்காரி?” என்றாள் ஜெபமாலை. பிறகு நிறுத்தி, மூச்சு வாங்கினாள். “பாப்பா, ஒண்ணு கேக்கணும். மூக்கத் தெறந்துறலாம்ங்கறாங்க.”

“தெறந்துக்கம்மா! நல்லதுதான. நீ மூச்சுக்குத் தவிக்கறத எனக்குப் பாக்கவே முடியல.”

“தெறந்தா திரும்ப வரலாமாம்.”

“அதெல்லாம் வராதும்மா.”

“வந்தா ஒடனே தெரியணுமாம். தெனமும் யாராவது பாத்துச் சொல்லணுமாம். ஒங்கப்பாவுக்கு மோப்பம் இல்ல. கொரோனாவுலயே போச்சாம். இன்னைக்குத்தான் சொல்றாங்க.”

“அப்பாவுக்கா? அய்யய்யோ, என்னப்பா நீங்க,” என்றாள் பிளெஸ்ஸி. மரியசெல்வம் எழுந்து, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார்.

“அதான் நா வாரேன்லம்மா, நா பாத்துக்கறேன்,” என்றாள் பிளெஸ்ஸி. “நீ தேதி வாங்கிரு. நா பாத்துக்கறேன்.”

வேகமாக வந்தது. எப்போதும் வருகிற அதே வேகம். ஜெபமாலை போனை இன்னும் கொஞ்சம் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மாடி ஜன்னலில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுடையது இல்லை. டாக்டரம்மா இன்னும் உள்ளேதான் இருப்பார். அவள் வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்துக்கொண்டாள், நடுவில் நிற்காமல் முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்று.

“பாப்பா, ஒம்புள்ள எம்மடியில கெடக்கும்போது நாத்தம் ஒனக்குத் தெரிஞ்சுதுன்னா, எம்மூஞ்சியப் பாத்து அம்மா நாறுதுன்னு சொல்லிட்டுப் புள்ளயத் தூக்குவியா, இல்ல பால் குடுக்கணும்னு சொல்லிட்டுத் தூக்கிக்கிட்டுப் போயிருவியா?”